உறவு வளர்ப்பதே தொழிலாக: பாஸ்டனிலிருந்து பிட்ஸ்பர்க் வரை

ஞாயிறு, வால்தம்

பாஸ்டனின் நார்த் ஸ்டேஷனில் ஃபிட்ச்பர்க் தடத்துப் புறநகர் ரயிலைப் பிடித்தால், அரை மணி நேரத்தில் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தின் வாசலிலேயே இறங்கிவிடலாம். யூதத் தொண்டு நிறுவனங்களில் பணியாற்றுவதை, தனிப் படிப்பும் பயிற்சியும் பதவி உயர்வும் உள்ள ஒரு முழுநேரத் தொழிலாக வளர்த்தெடுத்த இடங்களில் இதுவும் ஒன்று என்பதால், பயணத்தை இங்கிருந்து தொடங்கினேன். நானும் தொண்டு நிறுவனப் பணியில் இருப்பவன். நாகப்பட்டினத்தில் ஆழிப்பேரலை நிவாரணத்தோடு தொடங்கிய வேலை. அப்போது இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளூர் அமைப்புகளுக்கு நிதி தந்தவற்றில் அமெரிக்க யூத உலகச் சேவை என்ற அமைப்பும் ஒன்று. அதைப் பற்றி விசாரிக்கப் போய்த்தான், அமெரிக்க யூதச் சமூகம் தன் ஏழைகளையும் முதியவர்களையும் கவனித்துக்கொள்வதோடு நில்லாமல், அண்டைச் சமூகங்களோடு உறவை வளர்ப்பதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆட்களை நியமித்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். அந்த வேலையில் இருப்பவர் காலையில் அலுவலகத்துக்குப் போய் என்னதான் செய்வார் என்று நேரில் கேட்டு அறிய வேண்டும் என்பது வெகுநாள் ஆவல்.

பிராண்டைஸ் 1948-ல் தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்கள் பலவும் யூத மாணவர்களை இத்தனை பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்று மறைமுகமாக வரம்பு வைத்திருந்த காலம் அது. அந்த அவமதிப்புக்கு விடையாக யூதர்கள் பணம் திரட்டிக் கட்டிய இப்பல்கலைக்கழகம், முதல் நாளிலிருந்தே எல்லாச் சமயத்தினருக்கும் திறந்திருந்தது. வளாகத்தில் ஒரு குளத்தைச் சுற்றி யூதர், கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் ஆகியோருக்கென மூன்று சிற்றாலயங்கள் நிற்கின்றன. 1955-ல் கட்டி முடிக்கப்பட்டவை. ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழாதவாறு அமைத்திருக்கிறார்கள். நண்பகல் தாண்டி வெகுநேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். நிழல்கள் நீண்டுகொண்டே போயின. ஆனால் ஒவ்வொன்றும் தன் புல்தரைக்குள்ளேயே நின்றது. இப்படி ஒரு கட்டடத்தை வரைந்தவர்கள் எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார்கள் என்று நெகிழ்ந்துபோனேன்.

இங்கே 1969-ல் ஹார்ன்ஸ்டைன் பயிற்சித் திட்டம் உருவானது. அதற்கு ஓராண்டு முன்பு ஹீப்ரூ யூனியன் கல்லூரி லாஸ் ஏஞ்சலஸில் இதே நோக்கத்துடன் ஒரு பள்ளியைத் தொடங்கியிருந்தது. இவற்றுக்கும் முன்னோடியாக, நியூயார்க்கில் 1925 முதல் 1940 வரை யூதச் சமூகப் பணிக்கென ஒரு முதுநிலைப் பள்ளி நடந்திருக்கிறது. யூத வரலாறு, சமயநூல், வரவு செலவுத் திட்டம், நிதி திரட்டல், பொதுக்கொள்கை ஆகிய அனைத்தும் சேர்ந்ததுதான் இந்தப் படிப்பு. பயின்றவர்களில் பலர் ஃபெடரேஷன்களுக்குப் போனார்கள். ஓர் ஊரிலுள்ள யூத அமைப்புகள் தனித்தனியே உண்டியல் குலுக்காமல் ஒன்றுசேர்ந்து ஆண்டுக்கொரு முறை நிதி திரட்டி, ஒரு குழுவின் வழியே முதியோர் இல்லத்துக்கு இவ்வளவு, பள்ளிக்கு இவ்வளவு, வெளிநாட்டு உதவிக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளும் ஏற்பாடுதான் ஃபெடரேஷன். 1895-ல் இதே பாஸ்டனில்தான் அது முறையாகத் தொடங்கியது.

மாலையில், பல நகரங்களில் பிற சமூகங்களோடு உறவு வளர்க்கும் பணியைச் செய்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையாரைக் காப்பிக் கடையில் சந்தித்தேன். இந்தத் தொழிலில் சேர்பவர் முதலில் பழக வேண்டியது பின்னால் நிற்பது என்றார். அமைப்பின் தலைவர் ஊதியம் பெறாத தன்னார்வலர். வழக்கறிஞராகவோ வணிகராகவோ இருப்பார். மேயரிடம் பேசுவதும் பத்திரிகைக்குப் பேட்டி தருவதும் அவர்தான். அவருக்கான உரையை எழுதுவதும், யார் பக்கத்தில் யாரை உட்கார வைப்பது என்று தீர்மானிப்பதும், மறுநாள் மனம் நொந்தவர்களுக்குத் தொலைபேசியில் பேசுவதும் ஊழியரின் வேலை. தலைவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாறிவிடுவார்கள். யாரோடு எந்த ஆண்டு என்ன பிணக்கு, அது எப்படித் தீர்ந்தது என்ற நினைவெல்லாம் ஊழியரிடமே தங்கும். ஒரு நல்ல ஊழியர் வேலையை விட்டுப் போனால் அமைப்பு தன் நினைவாற்றலில் பாதியை இழந்துவிடுகிறது என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். நம் ஊர்த் தொண்டு நிறுவனங்களிலும் நான் கண்கூடாகப் பார்த்த இழப்பு அது.

திங்கள், நியூயார்க்

சவுத் ஸ்டேஷனிலிருந்து நான்கு மணி நேர ரயில் பயணம். பெட்டியை விடுதியில் போட்டுவிட்டு நேரே லோயர் ஈஸ்ட் சைடு போய்விட்டேன்.

1880-களிலிருந்து கிழக்கு ஐரோப்பாவின் வன்முறைக்கும் வறுமைக்கும் தப்பி வந்த யூதர்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த பகுதி இது. ஈஸ்ட் பிராட்வே தெருவில் சில நிமிடம் நடந்தாலே அந்தக் காலத்து அமைப்புகளின் கட்டடங்கள் வரிசையாக எதிர்ப்படுகின்றன. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷில் வெளிவந்த ஃபார்வர்ட் நாளேட்டின் பத்து மாடிக் கட்டடம் 1912-ல் எழுந்தது. இப்போது அதில் அடுக்குமாடிக் குடியிருப்புகள். சற்றுத் தள்ளி எஜுகேஷனல் அலையன்ஸ். 1889-ல் தொடங்கி இன்றும் இயங்குகிறது. 1892-ல் இப்பகுதியில் பிறந்த ஹீப்ரூ ஃப்ரீ லோன் சொசைட்டியும் இன்றுவரை வட்டியில்லாக் கடன் தருகிறது. ஜாமீன்தாரர் கையெழுத்து வேண்டும், வட்டி கிடையாது, வாங்குபவர் யூதராக இருக்க வேண்டியதும் இல்லை. கந்துவட்டியால் குடும்பங்கள் குலைவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, தள்ளுவண்டி வியாபாரிக்காகத் தொடங்கிய ஒரு நிதி நூறாண்டுகளைக் கடந்தும் வற்றாமல் சுழல்கிறது என்பது சாதாரணச் செய்தியாகப் படவில்லை.

அங்கிருந்து 265, ஹென்றி தெரு. லிலியன் வால்ட் என்ற செவிலியரின் வீடு. 1893-ல் அவர் இப்பகுதிப் பெண்களுக்கு வீட்டுப் பராமரிப்பு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது, ஒரு சிறுமி வந்து தன் தாய் சுகமில்லாமல் கிடப்பதாகச் சொல்லி அழைத்துப் போயிருக்கிறாள். பிரசவத்துக்குப் பிறகு இரத்தப்போக்கோடு அந்தத் தாய் கிடந்தாள்; கட்டணம் தர முடியாததால் மருத்துவர் விட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றே இந்தப் பகுதியில் குடியேறி இங்கேயே வேலை செய்வது என்று வால்ட் முடிவெடுத்தார். வங்கியாளர் ஜேக்கப் ஷிஃப் இந்த வீட்டை வாங்கிக் கொடுத்தார். வால்டும் ஷிஃபும் யூதர்கள்; ஆனால் ஹென்றி தெரு இல்லத்தின் செவிலியர்கள் படியேறிய வீடுகளில் இத்தாலியரும் ஐரிஷ்காரரும் இருந்தனர்.

வீட்டின் உணவறை இன்றும் பாதுகாக்கப்படுகிறது. 1909-ல், கறுப்பின மக்களின் உரிமைக்கான என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பு உருவாகக் காரணமான தேசிய மாநாடு நியூயார்க்கில் கூடியபோது, கறுப்பரும் வெள்ளையரும் ஒரே கூடத்தில் விருந்துண்ண இடம் கிடைப்பது அரிதாக இருந்தது. வால்ட் தன் வீட்டைத் திறந்துவிட்டார். அறை சிறியது, கணப்படுப்பும் சன்னல்களும் போக மீதி இடத்தில் அவ்வளவு பேர் மேசை போட்டு உட்கார முடியாது, நின்றுகொண்டுதான் சாப்பிட்டிருக்க வேண்டும். சமூக உறவுப் பணி என்று பின்னாளில் பெயர் பெற்றதன் முழு உருவத்தையும் அந்த அறையில் கண்டேன் என்றே எழுதத் தோன்றுகிறது. அந்த மாலையில் எந்த அறிக்கையும் தேவைப்படவில்லை. வீட்டையும் சாப்பாட்டையும் கொடுத்தவர்மீது பழிச்சொல் வந்திருக்கலாம், அதைப் பொருட்படுத்தாமல் அவர் கதவைத் திறந்தார்.

இருட்டும் முன் லஃபாயெட் தெருவுக்கும் போனேன். இன்று பப்ளிக் தியேட்டர் இருக்கும் செங்கல் கட்டடம் முதலில் ஆஸ்டர் நூலகமாக இருந்து, 1920-களிலிருந்து 1960-கள் வரை ஹையஸ் என்ற யூத அகதிகள் உதவிச் சங்கத்தின் தலைமையகமாக விளங்கியது. கப்பலிறங்கிய பல்லாயிரம் பேருக்கு அமெரிக்காவின் முதல் படுக்கையும் முதல் வேளைச் சாப்பாடும் இங்கேதான். உலக நிலவரம் மாற மாற ஹையஸ் யூதரல்லாத அகதிகளையும் ஏற்கத் தொடங்கி, இன்று பெரும்பாலும் அவர்களுக்காகவே உழைக்கிறது. இதை வெள்ளிக்கிழமைக் குறிப்பில் மீண்டும் சொல்ல வேண்டிவரும்.

செவ்வாய், நியூயார்க்

காலை முழுவதும் மேற்கு 16-ஆம் தெருவிலுள்ள யூத வரலாற்று மையத்தின் படிப்பறையில் கழிந்தது. நாடு முழுவதுமிருந்த யூதச் சமூக உறவு அமைப்புகளை ஒருங்கிணைக்க 1944-ல் உருவான தேசிய ஆலோசனை மன்றத்தின் பழைய ஆவணங்கள் இங்கே உள்ளன. யூதத் தொழிலாளர் குழுவில் பணியாற்றி வந்த ஐசையா மின்காஃப், தொடக்கத்திலிருந்து 1975 வரை அதன் நிர்வாக இயக்குநராக இருந்தார். ஒருவர் ஒரே பொறுப்பில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்ததால், இந்தத் துறையின் நடைமுறைகள் பலவற்றில் அவர் கைரேகை படிந்திருக்கிறது.

நான் தேடி எடுத்துப் படித்தது, ஆண்டுதோறும் அம்மன்றம் வெளியிட்ட கூட்டுச் செயல்திட்டங்களை. குடியுரிமை, குடியேற்றம், அரசும் சமயமும், இஸ்ரேல், வறுமை ஒழிப்பு என்று ஒவ்வொரு பொருளிலும் உறுப்பு அமைப்புகள் கூடி விவாதித்து எட்டிய பொது நிலைப்பாடு அச்சாகியிருக்கும். அதோடு, அந்த நிலைப்பாட்டை ஏற்காத அமைப்பின் மறுப்பும் அதன் பெயரோடு அங்கேயே அச்சாகியிருக்கும். சமயப் பள்ளிகளுக்கு அரசு நிதி தரலாமா என்ற கேள்வியில் மற்றவர்கள் கூடாது என்கிறார்கள். பழைய மரபைக் கடைப்பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் யூதர்களின் அமைப்பு தரலாம் என்று தன் மறுப்பைப் பதிவு செய்கிறது. மறுத்தவரும் மறு ஆண்டுக் கூட்டத்துக்கு வருகிறார். வெளியாரிடம் ஒரே குரலில் பேச வேண்டும் என்பதற்காக உள்ளே இருக்கும் மாற்றுக் கருத்தை அமுக்கிவிடுகிற சங்கங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இங்கே மறுப்பை அச்சிடுவதுதான் ஒற்றுமையைக் காப்பாற்றிய உபாயம் என்று எனக்குப் படுகிறது.

பிற்பகல் மூன்றாம் எண் ரயிலில் புரூக்ளின் போய் கிங்ஸ்டன் அவென்யூ நிலையத்தில் இறங்கினேன். கிரவுன் ஹைட்ஸ். தீவிர மரபுவழிப் பிரிவான லுபாவிச் ஹசிதிய யூதர்களும் கரீபியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பின மக்களும் ஒரே தெருக்களில் வாழும் இடம். 1991 ஆகஸ்ட் 19 அன்று, லுபாவிச் சமயத் தலைவரின் பாதுகாப்பு வரிசையில் சென்ற ஒரு கார் கட்டுப்பாடிழந்து மோதியதில் கயானாவிலிருந்து வந்த குடும்பத்துச் சிறுவன் காவின் கேட்டோ இறந்தான். அவனுக்கு ஏழு வயது. சில மணி நேரத்தில், ஆஸ்திரேலியாவிலிருந்து ஆய்வுக்காக வந்திருந்த யாங்கெல் ரோசன்பாம் என்ற 29 வயது யூதர் ஒரு கும்பலால் சூழப்பட்டுக் கத்தியால் குத்தப்பட்டு உயிரிழந்தார். கலவரம் மூன்று நாள் நீடித்தது.

இரண்டு சமூகத்துக்கும் சட்டமன்ற உறுப்பினர்கள் இருந்தார்கள், தேசிய அமைப்புகள் இருந்தன, மேன்ஹாட்டனில் விருந்துகளும் நடந்திருக்கின்றன. தெருவில், பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரிந்தவர்கள் குறைவாக இருந்தார்கள். கலவரத்துக்குப் பிறகு ரிச்சர்ட் கிரீன் என்ற கறுப்பின இளைஞர் இயக்கத் தலைவரும் டேவிட் லேசர்சன் என்ற ஹசிதிய ஆசிரியரும் இரு பக்கத்துப் பையன்களையும் ஓர் அறையில் உட்கார்த்தி, மனத்தில் உள்ளதைக் கேட்கச் சொன்னார்கள். பிறகு ஒன்றாகக் கூடைப்பந்து ஆட வைத்தார்கள். 1998-ல் இப்பகுதிக்கென ஒரு சமரச மையமும் வந்தது. கலவரம் நடந்து பத்தாண்டு கழித்து, காவினின் தந்தையும் யாங்கெலின் அண்ணனும் நேரில் சந்தித்துப் பேசினார்கள். கிங்ஸ்டன் அவென்யூவில் நான் நடந்த நேரம் பள்ளி விட்ட நேரம். ஒரு கடை வாசலில் ஹசிதியத் தாய் ஒருவரின் குழந்தை வண்டி படியில் சிக்கிக்கொள்ள, பக்கத்தில் நின்றிருந்த கறுப்பினப் பெரியவர் ஒரு கை கொடுத்துத் தூக்கிவிட்டார். இதிலிருந்து எந்தப் பெரிய முடிவுக்கும் நான் வரவில்லை, பார்த்ததைப் பதிந்துவைக்கிறேன்.

புதன், ஃபிலடெல்ஃபியா

இங்கே பொழுது குறைவு, மழை வேறு. மிக்வே இஸ்ரேல் என்ற பழைய யூதச் சபை 1788-ல் ஜெப ஆலயக் கடனை அடைக்க முடியாமல் ஊர்ப் பெரியவர்களிடம் நிதி கேட்டபோது, கிறிஸ்தவர்களும் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 5 பவுண்டு தந்தார். அதே ஆண்டு ஜூலை 4 அன்று அரசியல் சட்டத்தைக் கொண்டாடி நடந்த ஊர்வலத்தில் சபையின் சமயகுரு இரண்டு பாதிரியார்களோடு கைகோத்து நடந்தார். ஊர்வல முடிவில் யூதர்களுக்கென அவர்கள் உணவு விதிப்படி தனி மேசையும் போடப்பட்டிருந்தது. கைகோத்து நடப்பது எளிது, தனி மேசையை யோசித்துப் போடுவதுதான் மரியாதை.

ஸ்புரூஸ் தெருவிலுள்ள பழைய கல்லறைத் தோட்டத்தில் ரெபெக்கா கிராட்ஸ் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1801-ல் கிறிஸ்தவப் பெண்களோடு சேர்ந்து நலிந்த குடும்பங்களுக்கான சங்கத்தில் பணியாற்றியவர். 1819-ல் யூதப் பெண்களுக்கான உதவிச் சங்கத்தையும், 1838-ல் ஞாயிறு பள்ளியையும் தொடங்கினார். பொதுச் சங்கத்தில் கற்றதைத் தன் சமூகத்துக்குள் கொண்டுபோனவர் என்று அவரைச் சொல்லலாம். வாயிற்கதவு பூட்டியிருந்ததால் கம்பி வழியே பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

வியாழன், ரயிலில்

பகலில் புறப்பட்ட பென்சில்வேனியன் விரைவு ரயில் இரவில்தான் பிட்ஸ்பர்க் சேர்ந்தது. லங்காஸ்டர் பக்கம் ஆமிஷ் விவசாயிகளின் வயல்கள், ஆல்டூனாவுக்கு அப்பால் ரயில் மலையை வளைத்துத் திரும்பும் குதிரைலாட வளைவு. குறிப்புகளை ஒழுங்குபடுத்தியதைத் தவிர வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

வெள்ளி, பிட்ஸ்பர்க்

ஸ்குவிரல் ஹில் பகுதியில் ஃபோர்ப்ஸ் அவென்யூவும் மர்ரே அவென்யூவும் கூடும் முனையில் யூதச் சமூக மையம் இருக்கிறது. அதன் கோபுரக் கடிகாரத்தில் எண்களுக்குப் பதில் எபிரேய எழுத்துகள். கீழே சீன உணவகங்களும் புத்தகக் கடையும் யூத உணவு விதிப்படி விற்கும் கோஷர் கடையும் அடுத்தடுத்து இருக்கின்றன. அங்கிருந்து நடக்கும் தூரத்தில்தான் ட்ரீ ஆஃப் லைஃப் ஜெப ஆலயம். 2018 அக்டோபர் 27, சனிக்கிழமை காலை, அக்கட்டடத்தில் கூடியிருந்த மூன்று சபைகளைச் சேர்ந்த 11 பேரைத் துப்பாக்கியோடு நுழைந்த ஒருவன் கொன்றான். அவற்றுள் ஒன்றான டோர் ஹடாஷ் சபை, வெள்ளி மாலை தொடங்கிச் சனி மாலை முடியும் யூத ஓய்வுநாளை அகதிகளுக்கென அர்ப்பணித்து ஹையஸ் நடத்திய நிகழ்ச்சியில் பங்கேற்றிருந்தது. அகதிகளுக்கு யூதர்கள் உதவுவதுதான் அவன் வெறுப்புக்குத் தீனியானது. லஃபாயெட் தெருக் கட்டடத்தின் முன் திங்கட்கிழமை நின்றபோது இந்த நினைவுதான் என்னை அழுத்தியது.

பழைய கட்டடம் பெரும்பகுதி இடிக்கப்பட்டுவிட்டது. புதியதற்கு 2024-ல் அடிக்கல் நாட்டினார்கள். வேலியோரம் சிறிது நேரம் நின்றேன்.

அன்று நடந்ததில் இந்தத் துறைக்கான பாடங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றைச் சொல்கிறேன். நகரின் யூத ஃபெடரேஷன் தாக்குதலுக்கு முன்பே ஒரு முன்னாள் எஃப்.பி.ஐ. அதிகாரியைப் பாதுகாப்புப் பொறுப்பில் அமர்த்தி, சபை சபையாகப் பயிற்சி கொடுத்திருந்தது. ஓய்வுநாளில் கைப்பேசியைத் தொடுவது மரபல்ல. ஆனால் அந்தப் பயிற்சிக்குப் பின் ட்ரீ ஆஃப் லைஃப் சபையின் சமயகுருவான ரபி ஜெஃப்ரி மையர்ஸ் கைப்பேசியை உடன் வைத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார். அன்று அதிலிருந்து அவசர உதவியை அழைத்தார். பட்டியலில் ஒரு வரியாக, பட்ஜெட் கூட்டத்தில் யாரோ கேள்வி கேட்டிருக்கக்கூடிய ஒரு சம்பளச் செலவாக இருந்த அந்தப் பதவி, உயிர்களைக் காப்பாற்றியது.

அடுத்த சில நாட்களில் அமெரிக்க முஸ்லிம் அமைப்புகள் இரண்டு இணையத்தில் நிதி திரட்டி, 2 லட்சம் டாலருக்கும் மேல் இறந்தோர் குடும்பங்களுக்கும் காயமுற்றோருக்கும் அனுப்பின. பிட்ஸ்பர்க் இஸ்லாமிய மையத்தின் அப்போதைய நிர்வாக இயக்குநர் அஞ்சலிக் கூட்டத்தில் எழுந்து, வேறென்ன வேண்டும் கேளுங்கள், காவலுக்கு ஆள் வேண்டுமா, கடைக்குப் போய்வர ஆள் வேண்டுமா, நாங்கள் வருகிறோம் என்ற பொருள்படப் பேசினார். 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டபோது, பிட்ஸ்பர்க் யூத ஃபெடரேஷன் அவர்களுக்காக நிதி திரட்டியது. துயரம் வந்த பிறகு அறிமுகம் செய்துகொண்டவர்கள் இப்படி நடந்துகொள்ள முடியாது. எண்ணற்ற காலைச் சிற்றுண்டிக் கூட்டங்களும் பரஸ்பர விழா அழைப்புகளும் அதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும்.

பிற்பகலில், ஓய்வுநாளுக்காக அலுவலகங்கள் சீக்கிரம் மூடுவதற்கு முன், இத்துறையில் இப்போது பணியாற்றும் ஒரு பெண்மணியைச் சந்திக்க வாய்த்தது. முப்பதுகளின் நடுவில் இருப்பவர். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இஸ்ரேலில் நடத்திய தாக்குதலுக்கும் அதைத் தொடர்ந்த காசா போருக்கும் பிறகு, நெடுநாள் கட்டிய உறவுகள் பல அறுந்துவிட்டன என்று மறைக்காமல் சொன்னார். வெளியே பல கூட்டணிகள் பேச்சை நிறுத்திவிட்டன. உள்ளேயோ, எங்கள் வேதனையை நீங்கள் உரக்கச் சொல்லவில்லை என்று ஒரு சாராரும், எங்கள் பெயரில் இப்படிப் பேசாதீர்கள் என்று இளைஞர்களில் ஒரு சாராரும் ஒரே நாளில் கடிதம் எழுதுகிறார்கள். இந்த நெருக்கடியில் துறையை விட்டுப் போனவர்களும் அவருக்குத் தெரிந்தவர்களில் உண்டு. நீங்கள் ஏன் போகவில்லை என்று கேட்டேன். பேச்சை நிறுத்திய இமாம் ஒருவர், இந்தப் பெண்மணியின் தந்தை இறந்தபோது துக்கம் விசாரிக்க வந்ததாகவும், அரசியலைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்றும், மறு மாதம் அந்த இமாம் வீட்டுத் திருமணத்துக்குத் தான் போனதாகவும் சொன்னார். செவ்வாயன்று நான் ஆவணங்களில் படித்த தேசிய மன்றம் 2022-ல் ஃபெடரேஷன் அமைப்பிலிருந்து தனித்துச் செயல்படத் தொடங்கியது பற்றியும் கேட்டேன். நிதி கொடுப்பவரும் கொள்கை பேசுபவரும் ஒருவராகவே இருப்பதிலுள்ள சங்கடத்தை அவர் விளக்கிய விதம், நன்கொடையாளரின் முகம் பார்த்து அறிக்கை எழுதிப் பழகிய எனக்கு நன்றாகவே புரிந்தது.

புதிதாகச் சேர்பவர்களுக்கு அவர் முதலாண்டில் தரும் வேலை, பிற சமூகங்களின் கூட்டங்களுக்குப் போய் எதுவும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டு வருவது. மேசைக்கு மேலே ரமலான், தீபாவளி, வைசாகி, ஈஸ்டர் நாட்கள் குறித்த ஆண்டு நாட்காட்டி தொங்கியது. அவர் அப்போது எழுதிக்கொண்டிருந்த கடிதம் ஒரு பள்ளி மாவட்டத்துக்கானது: அடுத்த கல்வியாண்டின் தேர்வு அட்டவணை யோம் கிப்பூர் நோன்பு நாளில் விழுகிறது, மாற்ற வேண்டும். வரைவை அனுப்புவதற்கு முன் அட்டவணையை முழுவதும் பார்த்தபோது இன்னொரு தேர்வு ஈகைத் திருநாளிலும், மூன்றாவது ஒன்று தீபாவளியன்றும் இருப்பதைக் கண்டு, கடிதத்தை மூன்று நாட்களுக்கும் சேர்த்துத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார். மசூதிக் குழுவுக்கும் இந்துக் கோயில் நிர்வாகத்துக்கும் வரைவு போயிருக்கிறது. அவர்கள் கையெழுத்தும் வந்துவிட்டால் திங்கட்கிழமை காலை பள்ளி மாவட்ட அலுவலகத்தில் நேரில் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு, கணினியை அணைத்து எழுந்தார்.